கர்தினாலின் அக்கா சொன்ன வயது

ராயபுரத்தில் என் செல்போன் கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பவர் சிலுவையம்மாள் அக்கா. எண்பத்தெட்டு வயது. பொய் சொல்லத் தெரியாத மனுஷி என்று எங்கே வேண்டுமானாலும் நான் சத்தியம் செய்வேன், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அதையும் அவரே இறங்கி வந்து சொன்னதால்தான் எனக்குத் தெரியும்.

அவருடைய தம்பி வேதமாணிக்கம் ஒரு கர்தினால். எனக்குத் தெரிந்ததெல்லாம் தொழுகையும் ரீசார்ஜும்தான். கர்தினால் பிஷப்புக்கும் மேலே, போப்பாண்டவர் இறந்தால் அடுத்தவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர் என்று அக்காதான் விளக்கினார். "அடுத்த போப்பு யாருன்னு என் தம்பியும் சொல்லணும், தெரியுமா காஜா?" என்பார். தெருவில் பாதிப் பேருக்கு இந்தப் பெருமை பிடிக்காது. ஒண்டிக்கட்டையாகவே காலம் தள்ளியவரிடமிருந்து அதையும் பிடுங்க வேண்டுமா என்று எனக்குக் கோபம் வரும்.

தம்பியைப் பெற்றுப்போட்டு அம்மா கண்மூடியபோது அக்காவுக்கு ஒன்பது வயது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டார். பதின்மூன்று வயதில் கருவாடு காயவைக்கும் வேலைக்குப் போக வேண்டி வந்தது. பையனுக்கு அப்போது நாலு வயது. தனியாக விட்டால் கடலுக்கு நடந்துவிடுவான். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஐந்து முடிந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். தலைக்கு மேலே கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். எட்டவில்லை.

"அஞ்சு முடிஞ்சிப்போச்சு சார். சோறு பத்தல, அதான் வளரல" என்று அக்கா அழுதிருக்கிறார். வாத்தியார் ஒரு வருடத்தைக் கூட்டி எழுதிக்கொண்டார். கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டின் அந்தப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்ததால், பின்னால் அங்கேயும் பள்ளிக்கூடத்துத் தேதியே ஏறியது.

பையன் நன்றாகப் படித்தான். சாமியாராகப் படிக்கும் குருமடம், ரோமாபுரி, வடக்கே ஒரு ஊரில் பிஷப், கடைசியில் கர்தினாலின் சிவப்புத் தொப்பி. அக்கா கருவாட்டுக் கொட்டகையிலும், அப்புறம் ஐஸ் பேக்டரியிலும், அதற்கப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குவதிலுமாக வயதைக் கழித்தார். பெண் கேட்டு வந்தவர்களிடம், "தம்பி சாமியாராவட்டும், அப்பால பாக்கலாம்" என்றாராம். அவர் சாமியாரானபோது அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது ஆகிவிட்டது, கேட்டு வர ஆளில்லை.

தம்பி சாமியாராகக் குருப்பட்டம் வாங்கிய அன்று, விருந்துப் பந்தியில் ஒரு பெரிய சாமியார் பேச்சுவாக்கில் சொன்னார்: "இருபத்து நாலு முடியணும். ஒரு நாள் குறைஞ்சாலும் பட்டம் கிடையாது." தம்பிக்கு நிஜத்தில் இருபத்து மூன்றுதான். அக்கா பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தார். பட்டமே செல்லாது என்றால் அவன் வைக்கும் பூசை, கொடுக்கும் ஞானஸ்நானம், மந்திரித்து வைக்கும் கல்யாணம் எல்லாம் என்னாவது? யாரையாவது கேட்டிருந்தால் அன்றைக்கே தெளிந்திருக்கும். கேட்டால் மாட்டிக்கொள்வோமே என்று வாயை மூடிக்கொண்டவர், ஐம்பது வருடத்துக்கு மேல் திறக்கவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கர்தினால் அக்காவைப் பார்க்க வந்திருந்தார். ரிப்பேர் செய்த போனைக் கொடுக்க நானும் மாடிக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார்.

"அக்கா, என்னிய சின்ன வயசுலயே ஸ்கூல்ல தள்ளிட்டதா அப்பா ஒருவாட்டி சொன்னாரே. எனக்கு நெஜமா இன்னா வயசு? எண்பது முடிஞ்சா ஓட்டு இல்ல. வாழ்க்கையில ஒருவாட்டி அந்த ஓட்டைப் போட்டுட்டுப் போவணும்னு ஆசையா கீதுக்கா."

அக்கா குழம்புச் சட்டியிலிருந்து இன்னொரு மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தார். "சர்டிபிகேட்ல கீறதுதான் நைனா நெஜம்" என்றார்.

"சரிக்கா" என்று அவர் மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வருடம் சான்றிதழ்ப்படி எண்பது முடிந்தது. நாற்பத்திரண்டாம் நாள் போப்பாண்டவர் காலமானார். ஓட்டுப் போடுகிறவர்கள் வரிசையாக உள்ளே போவதையும், பெரிய கதவு சாத்தப்படுவதையும் அக்கா டிவியில் பார்த்தார். படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி என் கடைக்கு வந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "போன் போடு காஜா" என்றார்.

"இப்ப சொல்லி இன்னாக்கா ஆவப்போவுது?"

"நான் செத்துப்போறதுக்குள்ள சொல்லணும்டா. போடு."

ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுத்தேன். அழுதுகொண்டே சொல்லி முடித்தார்.

"பட்டம் செல்லும்கா" என்றார் கர்தினால். "வயசு கம்மின்னாலும் குடுத்த பட்டம் பட்டம்தான். ஒரு கடுதாசியில சரி பண்ணியிருக்கலாம். இதுக்கா இத்தினி வருசம் பயந்துகினு கெடந்த?"

"அப்ப இப்பவே எழுதிப் போடு நைனா. கதவத் தொறப்பாங்க இல்ல?"

"தொறக்க மாட்டாங்கக்கா. இப்ப சொன்னா ஓட்டுக்காக வயசைக் கொறைக்கிறான்னுதான் சொல்லுவாங்க. போன வருசம் நீ சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அக்காவுக்கு அந்த நிறுத்தம்தான் தாங்கவில்லை. "நீ கர்தினாலுடா! கர்தினாலாண்ட வந்து, நான் பொய் சொன்னேன்னு எப்டிடா சொல்றது?"

"நான் தம்பியாத்தானேக்கா கேட்டேன்" என்றார் அவர்.

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.