அத்தான் எழுந்து நின்றார்

2008-ஆம் வருடம், ஆனி மாதம். குலசேகரத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் என் அக்கா வீட்டில் நடந்தது இது. அந்த வருடம் சாரல் விடாமல் பெய்தது. இப்போதும் ஓட்டின்மேல் மழை விழும் சத்தம் கேட்டால் போதும், அந்த வீடும், ரப்பர் ஷீட்டின் புகை வாசமும், கட்டிலில் கிடந்தபடி என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்த அத்தானின் முகமும் எனக்கு நினைவு வந்துவிடும்.

நான் அப்போது மார்த்தாண்டத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் வேலை பார்த்தேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, பட்டா மாற்ற, சாதிச் சான்றிதழ் வாங்க என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அத்தான் எனக்கு 'வக்கீலம்மா' என்று பெயரே வைத்திருந்தார். அவர் கேலியாகத்தான் சொன்னார் என்றாலும் எனக்கு உள்ளுக்குள் பெருமை. அரசாங்கத்துக்கு எப்படி எழுதினால் காரியம் நடக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்குத்தான் அந்த வருடம் நல்ல அடி விழுந்தது.

அத்தானுக்கு ரப்பர் பால்வெட்டும் வேலை. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால், வெயில் ஏறுவதற்குள் முந்நூறு மரத்தைச் சுற்றி வந்துவிடுவார். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் முதல் ஆளாய்ப் போய்க் கடைசி ஆளாய்த் திரும்புவார். ஒருநாள் பால்வெட்டுக் கத்தி அவர் விரலிலிருந்து நழுவி விழுந்தது. பிறகு அடிக்கடி விழுந்தது. அடுத்த மழைக்காலத்தில் அவரே விழுந்தார். தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டே போகும் நோய், இதற்கு மருந்து கிடையாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மூன்று வருடத்தில் மனுஷன் கட்டிலோடு ஆகிவிட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள், வெளியூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா அண்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காலை ஏழரைக்கு அத்தானைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, தலைமாட்டில் ரேடியோவையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போவாள். மதியம் பக்கத்து வீட்டு அம்மா வந்து நாலு வாய் ஊட்டிவிட்டுப் போவார். மற்றபடி சாயங்காலம் ஐந்து மணிவரை அவர் தனியாகத்தான் கிடப்பார். மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை கிடைத்துவிட்டால், அதையும் வீட்டுப் பசுவின் பாலையும் வைத்துச் சமாளித்துக்கொண்டு அக்கா வீட்டிலேயே இருந்துவிடலாம். எங்களுக்கு இருந்த ஆசையெல்லாம் அது ஒன்றுதான்.

விண்ணப்பம் போட்டேன். ஆஸ்பத்திரிச் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தது. நேரில் பார்த்து விசாரிக்க அதிகாரி வருவார் என்று தகவல் வந்தது.

நாங்கள் செய்ததை இன்று நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு ஆபீசர் வருகிறார் என்றதும், பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி ஆக்கிவிட்டோம். எல்லாவற்றுக்கும் உத்தரவு போட்டது நான்தான். கறை படிந்த மெத்தையைச் சுருட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோனோம். புரண்டு படுக்க அத்தான் பிடித்துக்கொள்ளும் கயிறு ஒன்று கட்டிலில் கட்டியிருக்கும், அதை அவிழ்த்தோம். மூத்திரம் பிடிக்கும் போத்தலை மாட்டுத் தொழுவத்தில் ஒளித்து வைத்தோம். அத்தானுக்குச் சவரம் செய்து, பவுடர் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் உடுத்தும் வெள்ளைச் சட்டையை மாட்டி, இரவல் வாங்கிய கைவைத்த நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை சொருகினோம். அவர் மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

அதிகாரி நல்ல மனிதர். சாயா குடித்தார், பழம்பொரி சாப்பிட்டார், ரப்பர் விலை பற்றி அத்தானோடு அரைமணி நேரம் பேசினார். "உடம்பு எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டபோது அத்தான், "கொள்ளாம் சார், ஒரு கொறையும் இல்ல" என்றார். விசாரிக்கிறவர்களிடம் எங்கள் ஊரில் வேறு என்ன சொல்வார்கள்?

பிறகு அதிகாரி விடைபெற்று எழுந்தார். அப்போதுதான் அது நடந்தது. அத்தான் இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றினார். அக்கா பதறிப்போய் அவர் சட்டைக்குப் பின்னால் கையைக் கொடுத்தாள். எட்டு மாதமாகக் காலை ஊன்றாத மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து வாசல்படி வரை வந்து, "நேரம் கிடைக்கும்போ வாங்க சார்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பி வைத்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அந்த மோட்டார் சைக்கிள் வளைவு திரும்பும்வரை நின்றார். திரும்பியதும் அப்படியே சரிந்தார். மூன்று நாள் தசை இழுத்துக்கொண்டு, வலியில் கத்தவும் முடியாமல் கிடந்தார்.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மனுதாரர் எழுந்து நடமாடவும் தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளவும் கூடிய நிலையில் உள்ளதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்று அடியில் ஒரு வரி.

எனக்குப் பிடரி வரை கோபம் ஏறியது. சாயாவும் குடித்துவிட்டு இப்படி எழுதிவிட்டாரே என்று கொதித்துப் போனேன். அன்றைக்கே தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து இரண்டு பக்கம் அடித்தேன். கடினமான வார்த்தை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அதில் போட்டேன். வந்த அதிகாரி கைக்கூலி எதிர்பார்த்ததாகவும், கிடைக்காத ஆத்திரத்தில் பொய் அறிக்கை கொடுத்ததாகவும் ஒரு பத்தி சேர்த்தேன். அந்தப் பத்தியை எழுதியபோது கை கூசவே இல்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தானின் கைரேகை வாங்கப் போனேன். கையெழுத்துப் போட அவரால் முடியாமல் ஆகியிருந்தது. "வாசி, கேக்கேன்" என்றார். நான் ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடித்தேன். 

"அந்த மனுசன் நம்மகிட்ட ஒரு சாயாவுக்கு மேல என்னட்டி கேட்டாரு? அவரு கண்ணால கண்டதை எழுதினாரு. நீ காணாததை எழுதிக் கொண்டு வந்திருக்கே. கள்ளத்துக்கு எனக்க கைரேகை விழாது, கேட்டியா" என்றார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. உங்களுக்காகத்தானே இவ்வளவும் என்று வாய்வரை வந்தது. அந்த ரோஷத்தில் காகிதத்தைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்து, "அப்போ நீங்களே சொல்லுங்க அத்தான், நான் எழுதுதேன்" என்றேன். அக்கா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே மழை.

முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். "மூக்குல ஈ வந்து இருந்தா எனக்குக் கையைத் தூக்கி ஓட்ட முடியாது. அதுக்கே தோணிப் போற வரைக்கும் நானும் ஈயும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துகிட்டு கிடப்போம். எழுது" என்றார். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எழுதினேன். ரேடியோவில் ஸ்டேஷன் விலகி இரைச்சல் வந்தால் சாயங்காலம் வரை இரைச்சலைத்தான் கேட்க வேண்டும் என்றார். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தால் நனைந்துகொண்டு கிடக்க வேண்டும் என்றார். அதையெல்லாம் ஒரு பால்வெட்டுக்காரன் மரக்கணக்குச் சொல்வது போல வரிசையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு எழுதினேன்.

அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "காலம்பற ஒரு கிளாஸ் சாயாவுக்குப் பொறவு நான் ஒண்ணும் குடிக்கதில்ல. அவ அஞ்சு மணிக்கு வாறது வரைக்கும் மூத்திரம் முட்டப்பிடாதுல்லா."

எனக்குப் பேனா நின்றுவிட்டது. அக்கா வைத்துவிட்டுப் போகும் தண்ணீர் என்னவாகிறது என்று கேட்டேன். மதியம் வரும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே இருக்கும் செம்பருத்திக்கு ஊற்ற வைப்பாராம். அந்த அம்மாவிடம் போத்தல் பிடிக்கச் சொல்ல முடியுமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். கடுங்கோடையில்கூட அந்தச் செம்பருத்தி மட்டும் பூத்துக் குலுங்கும். தன் கை ராசி என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள்.

திரும்பிப் பார்த்தால் அக்கா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்து மீன் கழுவிய தண்ணீர் தரையில் சொட்டியது. "எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?" என்றாள். அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டே, "சொன்னா நீ வேலைக்குப் போவியா?" என்றார். அக்கா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான்தான் வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல்.

கடைசியாக அத்தான், "நான் அன்னைக்கு எழும்பி நின்னது உள்ளதாக்கும். அதையும் எழுது. வீட்டுக்கு வந்த ஆளைக் கிடந்துகிட்டா அனுப்புவாங்க? பொறவு மூணு நாளு கிடந்ததையும் எழுது" என்றார்.

அவர் சொன்னதைச் சொன்னபடியே மறுநாள் அடித்தேன். மெத்தையையும் கயிற்றையும் போத்தலையும் மறைத்தது நாங்கள்தான் என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன். என் வாழ்க்கையில் நான் அடித்த மனுக்களிலேயே ஒரு கடினமான வார்த்தைகூட இல்லாதது அதுதான். நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, வரிசையில் நின்று கொடுத்தேன். ஈயும் செம்பருத்தியும் இருக்கிற மனுவைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். வாங்கியவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், முத்திரை குத்தினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஓணம் கழிந்த பிறகு இன்னொரு அதிகாரி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு, நடுத்தர வயதுப் பெண்மணி. இந்தமுறை நாங்கள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. விரிப்பையாவது மாற்றுகிறேன் என்று அக்கா கெஞ்சினாள், நான் விடவில்லை. முகச்சவரம் மட்டும் செய்தே ஆக வேண்டும் என்று அத்தான் பிடிவாதம் பிடித்தார். அதை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

நாற்காலி இரவல் வாங்காததால் அந்த அம்மா கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அத்தானின் கையைத் தூக்கி மெதுவாக விட்டார், அது பொத்தென்று விழுந்தது. என்னென்னவோ கேட்டுக் குறித்துக்கொண்டார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இதுதான் அந்தச் செடியா?" என்றார். மனுவை முழுசாகப் படித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அத்தானின் விரல்கள் கயிற்றைத் தேடிப் போவதை நாங்கள் மூன்று பேருமே பார்த்தோம். கழுத்து நரம்பு புடைத்தது. இந்த மனுஷன் மறுபடியும் எழுந்திருக்கப் பார்க்கிறாரே!

அந்த அம்மா குனிந்து அவர் கையின்மேல் தன் கையை வைத்தார். "எந்திரிக்கப்படாது அண்ணாச்சி. இருந்த இடத்துலேருந்தே அனுப்பி வைங்க, எனக்கு அது போதும்" என்றார்.

அத்தானின் உடம்பு மெல்லத் தளர்ந்தது. நோய் வந்த நாளிலிருந்து அவர் கண்ணில் நீரை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நேரம் கிடைக்கும்போ வாங்க" என்றார். அந்த அம்மா, "வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமையோடு அக்கா அண்டி ஆபீஸ் வேலையை விட்டாள். திங்கட்கிழமை மதியம் நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் செய்தாள். என்னவோ ஏதோ என்று பயந்துபோய் எடுத்தேன். "ஏட்டி, இன்னைக்கு மூணு கிளாஸ் தண்ணி குடிச்சாரு" என்றாள். உடனே வைத்துவிட்டாள்.

அத்தான் அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். அந்த நான்கு வருடமும் அக்கா அவர் பக்கத்தில் இருந்தாள். செம்பருத்தி ஒரு மாதம் வாடி நின்றது, அப்புறம் அக்கா தனியாக அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

எனக்கு இப்போது முழங்கால் வலி. வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பும்போது முடிந்த நாளில் கேட் வரை போகிறேன். முடியாத நாளில் உட்கார்ந்தபடியே, "எழும்ப முடியல்ல, கோவிச்சுக்கிடாதீங்க" என்று சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்குள் இன்றைக்கும் எனக்கு நாக்கு தடுமாறுகிறது. ஒவ்வொரு தடவையும், ஒரு முழுப் பக்கத்துக்கு அதைச் சொல்லி எழுத வைத்த அத்தானுக்கு அன்று எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.