பனமலைப் பார்வதியும் எங்கள் கொக்கும்

போன ஜனவரியில், திண்டிவனத்தில் என் மகள் யாழினி படிக்கும் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை விழுப்புரத்துக்கு அறிவியல் கண்காட்சி பார்க்க அழைத்துப் போனார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். ஊர் சுற்றும் ஆசையில் அல்ல. ஒரு வாரமாகப் பள்ளிக்கே போகமாட்டேன் என்று அடம்பிடித்தவள், நான் கூட வருவதாகச் சொன்ன பிறகுதான் கிளம்பினாள்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கே நின்றாலும் சுவரில் சாய்ந்து, ஒரு காலை மடக்கிப் பாதத்தைச் சுவரில் பதித்துக்கொள்வது அவள் வழக்கம். புதிதாகப் பெயிண்ட் அடித்த வகுப்புச் சுவர் முழுக்க அவள் ஷூ தடம். வகுப்பாசிரியை கலா மிஸ் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் 'கொக்கு'. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பள்ளியை மாற்றிவிடலாமா என்றுகூட வீட்டில் பேச ஆரம்பித்திருந்தோம்.

எட்டரைக்குக் கிளம்பிய வேன் பத்து மணிக்கு முன்பே விழுப்புரம் சேர்ந்தது. கண்காட்சி பன்னிரண்டுக்கெல்லாம் முடிந்துவிட்டது. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

"இந்த வெயில்ல எங்க மேடம் குந்தறது? பனமலை ஏரிக்கரையாண்ட போயிடலாம், மரம் இருக்குது" என்றார் டிரைவர் அண்ணன். விக்கிரவாண்டி வழியாக முக்கால் மணி நேரம். அவர் சொன்ன மரமும் இருந்தது, நிழலும் இருந்தது.

சாப்பிட்டதும் பிள்ளைகள் மலை ஏறவேண்டும் என்றார்கள். மலை என்று பேர்தான், பத்து நிமிடத்தில் மேலே இருந்தோம். குருக்கள் நடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். "இவ்ளோ தூரம் வந்துக்கினு சும்மா போவாதீங்க. சித்திரத்தயாவது பாத்துட்டுப் போங்க" என்று வடபுறத்துச் சின்ன சன்னதியைக் காட்டினார்.

பல்லவர் காலத்து ஓவியமாம். பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. ஆடும் சிவன் இருந்த இடத்தில் கொஞ்சம் கோடுதான் மிச்சம். ஆட்டத்தைப் பார்த்து நிற்கும் பார்வதி மட்டும் பிழைத்திருக்கிறாள். தலைக்கு மேல் குடை, சாய்ந்த முகம், ஒரு கால் ஊன்றி மறு கால் மடக்கி...

"மிஸ்! இவங்களும் செவுத்துல கால் வச்சிக்கினு நிக்கிறாங்க மிஸ்!" என்று கத்தினாள் யாழினியின் வகுப்புத் தோழி பர்வீன்.

எல்லாத் தலையும் யாழினி பக்கம் திரும்பியது. போச்சு, மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவள் பக்கத்தில் போய் நின்றேன். கலா மிஸ் ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எவ்ளோ அழகா நிக்கிறாங்க! இவங்கள நான் எங்க திட்டறது?" என்று சிரித்தார். "யாழினி, வெளிய வா. அதே மாதிரி நின்னு காட்டு."

வெளியே பாறை ஓரத்தில் நின்று காட்டினாள். உடனே எல்லாருக்கும் அப்படி நிற்க வேண்டும். ஒருத்தரும் நிலையாக நிற்கவில்லை. பர்வீன் தடுமாறிக் கீழே உட்கார்ந்தே விட்டாள். "எப்டிடி நிக்கிற? சொல்லிக் குடுடி!" என்று மொய்த்துக்கொண்டார்கள். யாழினி சிரித்துக்கொண்டே ஒவ்வொருத்தர் காலையும் பிடித்துத் திருத்தினாள். அன்று அந்தச் சிரிப்பைப் பார்க்க வைத்த டிரைவர் அண்ணனுக்கும் குருக்களுக்கும் கலா மிஸ்ஸுக்கும் நான் கடன்பட்டவள்.

நீங்கள் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். பஸ் குறைவு, சொந்த வண்டி நல்லது. மேலே கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். ஓவியத்தைத் தொடாதீர்கள், ஃபிளாஷும் வேண்டாம். அவள் இன்னும் ரொம்ப நாள் அங்கே நிற்கட்டும்.

திங்கட்கிழமை காலை, சட்னி அரைத்துக்கொண்டிருந்த என்னிடம் யாழினி பையோடு வந்து நின்றாள். "ஜல்தி டிபன் குடும்மா, லேட்டாவுது." சட்னி இல்லாமலே இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு ஓடினாள்.