பெயர் விழுந்த இடம்

ஆயிரக்கணக்கான பேர் ஒரே மூச்சில் ஒரே சொல்லைக் கூவினால், அந்தச் சொல் யாருடையது? முதலில் கூவியவனுடையதா, கூடச் சேர்ந்து கூவியவர்களுடையதா? ஒரோந்தெஸ் ஆற்றங்கரையில் இளவெயிலில் நின்று, தேன் கலந்த வெந்நீரைத் தொண்டைக்குள் உருட்டிக் கொப்பளித்துத் துப்பும் மரோனாஸுக்கு இப்படியெல்லாம் யோசிக்கும் பழக்கம் கிடையாது. கொப்பளித்து முடித்ததும் பெரிய நீர்ச்சக்கரத்துக்கு நேராகப் போய் நின்றுகொள்வான். சக்கரம் தன் பாட்டுக்கு முனகும். அந்த முனகலை மீறித் தன் குரல் எழுகிறதா என்று ஒரு தடவை கூவிப் பார்ப்பான். அக்கரையில் துணி வெளுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்துத் திட்டினால் அவனுக்குத் திருப்தி.

அபமேயா நகரத்தில் அவன் தொழில் கசப்புப் பயறு விற்பது. பயறைச் சாக்கில் கட்டி ஆற்றோட்டத்தில் நாள்கணக்காக ஊறப்போட்டு, கசப்பு இறங்கியதும் உப்புநீர்ப் பானையில் மிதக்கவிட்டு, நாடக அரங்கின் வாசலில் உட்கார்ந்துவிடுவான்.

"கசப்பு போயிடுச்சாய்யா?"

"என் பொண்டாட்டி கோவம் தணியிற வரைக்கும் ஊறப்போட்டேன். இதுக்கு மேல ஊறணும்னா ஆத்துல தண்ணி போதாது."

"அப்படியே தோலையும் உரிச்சுக் குடேன்."

"உனக்குக் கை எதுக்கு இருக்கு? எங்கப்பனுக்கே நான் உரிச்சுக் குடுத்ததில்ல."

அது உண்மைதான். பயறின் தோலை விரலால் பிதுக்கி எடுப்பது சின்ன வேலை. ஆனால் யார் கேட்டாலும் அவன் செய்ய மாட்டான். நகர மன்றத்தார் ஒருவர் பல்லக்கை நிறுத்திக் கேட்டபோதும் செய்யவில்லை.

ஆனால் ஊர் அவனை அறிந்தது பயறால் அல்ல. அரங்குக்குள் ஆளுநர் நுழையும்போது ஜனங்கள் எழுந்து நிற்பார்கள். வாயைத் திறக்க மாட்டார்கள். மூன்றாம் படிவரிசையில், தூணை ஒட்டிய இடத்தில் மரோனாஸ் எழ வேண்டும். அவன் முதல் அடியை எடுத்துக் கொடுக்க, அரங்கு முழுவதும் அதைத் திருப்பிச் சொல்லும். ஆளுநருக்குக் கீழே இரண்டு எழுத்தர்கள் மெழுகுப் பலகையோடு உட்கார்ந்து, எந்த வாழ்த்து எத்தனை தடவை கூவப்பட்டது என்று கீறிக்கொண்டே இருப்பார்கள். அது பேரரசருக்குப் போகும். ஊர் ஓங்கி வாழ்த்திய ஆளுநர்கள் மேலே போனார்கள். ஊர் வாய்மூடி இருந்தால், வந்த வழியே வீட்டுக்குப் போனார்கள்.

மரோனாஸ் எல்லோரையும் வாழ்த்தினான். வந்தவரை வாழ்த்தினான், போனவரை வாழ்த்தினான், பந்தயக் குதிரைகளையும் தேவாலயத்தின் புது ஆயரையும் அதே தொண்டையால் வாழ்த்தினான். ஆளுநரின் ஆட்கள் கொடுப்பதை வாங்கிக்கொண்டான். இதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவனும் சொல்லிக்கொண்டதில்லை.

காட்சிக்கு முந்தின நாள் முழுவதும் அவன் பேச மாட்டான், தொண்டைக்கு ஓய்வு. எல்லாம் சைகைதான். அந்த நாளுக்காகவே அவன் மனைவி தோம்னீனா பேச்சைச் சேர்த்து வைத்திருப்பாள். "இன்னைக்கு ஒரு நாள்தான் இந்த வீட்ல நான் பேசுறத முழுசா கேக்க ஆள் இருக்கு" என்று தொடங்கி, அடுப்புப் புகையில் ஆரம்பித்துக் கல்யாண நாள்வரை போவாள். அவன் வெந்நீரை உறிஞ்சியபடி தலையாட்டுவான். கொஞ்சம் ரசிக்கவும் செய்வான் என்றே தோன்றும்.

அவளுடைய அண்ணன் பர்செமியா, தூண்வரிசைத் தெருவின் முனையில் ரொட்டி சுடுகிறவன். மச்சினனைக் கண்டால் அவனுக்குக் கிண்டல் பொங்கும்.

"என்ன மாப்ள, இன்னைக்கு யாரு வாழணும்?"

"உன் அடுப்பு வாழட்டும் மச்சான். ரொட்டிதான் வரவர மெலிஞ்சுக்கிட்டே போவுது."

"உன் தொண்டைய நம்பி என் தங்கச்சியக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

ரொட்டி மெலிந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த ஆண்டு மழை பொய்த்தது. கோதுமை விலை ஏறியது. ரொட்டி விலையை மட்டும் ஏற்றக்கூடாது என்று ஆளுநர் ஆணை போட்டார். ரொட்டிக்காரர்கள் பாதி அடுப்பை அணைத்தார்கள். பசியோடு அரங்குக்கு வந்த ஜனங்கள் மரோனாஸைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோர் வயிற்றிலும் இருந்ததை அவன் எடுத்துக் கொடுத்தான்: "ஊரெல்லாம் களஞ்சியம்! ரொட்டி எங்கே?" அரங்கு இடிந்துவிழும்படி ஊர் அதைத் திருப்பிச் சொன்னது.

களஞ்சியங்கள் பெரிய மனிதர்களுடையவை. ஆளுநர் அவர்கள் வீட்டில் விருந்துண்பவர். மறுநாள் காலை, பழியை ரொட்டிக்காரர்கள் மேல் போட்டு, கைக்கு எட்டியவர்களைப் பிடித்து, சட்டையை உரித்து, தெருத்தெருவாக நடத்திச் சவுக்கால் அடித்தார்கள். மற்றவர்கள் இளைஞர்கள், தாங்கிக்கொண்டார்கள். பர்செமியாவுக்கு வயது அறுபதைத் தொட்டிருந்தது; மாவுத்தூசி தின்ற நெஞ்சு. அவனைச் சிறையில் போட்டார்கள். பண்டிகைக் காட்சி முடிந்த மறுநாள் இன்னொரு சுற்று அடி என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு அவன் இருக்க மாட்டான் என்பது, அவனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த தோம்னீனாவுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று பண்டிகைக்கு முந்தின நாள். மரோனாஸ் வெந்நீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"முதுகுல தோலே இல்லய்யா" என்றாள் அவள். "கஞ்சியக் குடிக்கக் கை நிக்கல. நான்தான் ஊட்டினேன்."

அவன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன உள்ள போட்டது யாரு வாயி? உன் வாயிதானே. குதிரைக்கு வாழ்க சொன்ன வாயி, எங்கண்ணனுக்கு ஒரு வார்த்த சொல்லாதா? அந்த ஆளுநரு காலப் புடிச்சாவது கேளேன்."

அவன் வெந்நீரை ஒரு வாய் உறிஞ்சினான்.

"பேசுய்யா. இன்னைக்காவது பேசு."

அவன் எழுந்து, கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேன் விட்டுக் கலக்கினான். அன்று அவள் அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. இருவரும் பேசாமல் கழிந்த நாள் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

பண்டிகையன்று பயறுப் பானையை வாசலில் அவளிடம் விட்டுவிட்டு அவன் உள்ளே போனான். ஆளுநர் வந்தார். அவருடைய பதவிக்காலம் முடியும் நேரம்; ஊரின் வாழ்த்து அவருக்கு அன்று மிகவும் தேவைப்பட்டது. ஜனங்கள் எழுந்தார்கள். எழுத்தர்கள் குனிந்தார்கள். மரோனாஸ் வழக்கம்போல் தொடையில் தாளம் தட்டி, வழக்கமான வாழ்த்தை எடுத்தான்.

"அபமேயாவுக்கு அன்னம் தந்தவர்..."

"அபமேயாவுக்கு அன்னம் தந்தவர்!" என்றது அரங்கு.

அடுத்து ஆளுநரின் பெயர் விழ வேண்டும். அந்த இடத்தில், ஆற்றங்கரையில் சக்கரத்தை வெல்லும் அதே குரலில், மரோனாஸ் சொன்னான்:

"பர்செமியா வாழ்க! பர்செமியாவை விடுங்கள்!"

ஜனங்கள் பழகியவர்கள். காதில் விழுந்ததை வாய் திருப்பிச் சொல்லிவிட்டது. தாளம் நிற்கவில்லை, அவன் மறுபடி எடுத்தான், அவர்கள் மறுபடி சொன்னார்கள்.

"யாருய்யா அது பர்செமியா?" என்று மேல்வரிசையில் ஒருவன் கேட்டான்.

"யாருக்குத் தெரியும்? கூவு, கூவு" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

வெளியே வாசலில், அரங்கின் சுவரைத் தாண்டி அண்ணன் பெயர் மழைபோல் வந்து விழுந்ததைத் தோம்னீனா கேட்டாள். வாங்க வந்தவன், "பயறு குடும்மா" என்று கேட்டபடி நின்றான். அவள் உப்புநீருக்குள் விட்ட கையை எடுக்க மறந்து நின்றாள்.

எழுத்தர்கள் கீறிக்கொண்டிருந்தார்கள், கேட்டதை எழுதுவது அவர்கள் வேலை. ஆளுநரின் முகம் ஒரு கணம் கறுத்தது. ஆனால் அவர் கணக்குத் தெரிந்தவர். கோபித்துக்கொண்டால், தன்னை விட்டுவிட்டு ஒரு ரொட்டிக்காரனை வாழ்த்திய ஊர் என்று பேரரசருக்குச் செய்தி போகும். இரங்கினால், மக்கள் கேட்டார்கள், ஆளுநர் தந்தார் என்று போகும். அவர் புன்னகையோடு கையை உயர்த்தினார். அதற்கும் ஊர் ஆரவாரித்தது. அடுத்த அடியில் மரோனாஸ் ஆளுநரின் பெயரைச் சரியாகச் சொன்னான்.

அந்த ஆளுநரின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. ரொட்டிக்காரனின் பெயர் இன்னும் அரங்கில் வேடிக்கையாக நடமாடுகிறது. பந்தயத்தில் குதிரையின் பெயரை மாற்றிக் கூவிவிட்டவனைப் பார்த்துப் பையன்கள் "பர்செமியா வாழ்க" என்பார்கள். மரோனாஸ் அதே தூணோரம்தான் நிற்கிறான். அதன்பிறகு ஒருநாளும் அவன் பெயர் மாற்றிச் சொன்னதில்லை. அன்று வாய் தவறியதா, வேண்டுமென்றே சொன்னதா என்று குளிப்பிடத்தில் கேட்டார்கள், சாராயக்கடையில் கேட்டார்கள், ஆயரே ஒருமுறை கேட்டார். பழக்கத்தில் நாக்குக்கு வீட்டு மனிதரின் பெயர் வந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். முந்தின நாளே முடிவு செய்துவிட்டான் என்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் அவன் தலையாட்டுவான்.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டது பர்செமியாதான். அன்று மாலை இரண்டு பேர் தாங்கிப்பிடித்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முதுகு சாய்க்க முடியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். தோம்னீனா பானையில் மிஞ்சிய பயறைக் கிண்ணத்தில் அள்ளிவைத்தாள். அவன் ஒன்றை எடுத்தான். தோல் பிதுங்கவில்லை. பயறு வழுக்கித் தரையில் உருண்டது.

"மாப்ள" என்றான். "நெசமாச் சொல்லு. வாய் தவறிடுச்சா?"

மரோனாஸ் கிண்ணத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான். ஒரு பயறை எடுத்து, கட்டைவிரலால் தோலைப் பிதுக்கிப் போட்டுவிட்டு, மச்சானின் வாயருகே நீட்டினான்.