கூரையில்லாத மேல்மாடி

ஒரு சுனாமி, ஒரு கொரோனா, வாப்பா வேண்டாமென்றும் அவள் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. இத்தனையையும் வென்ற நஜ்முன் நிஸா, அறுபத்தெட்டு வயதில் கைப்பிடியில்லாத படிக்கட்டையும் வென்று, மேல்மாடியில் பிளாஸ்டிக் கதிரையை வெயிலுக்குள் இழுத்துப் போட்டாள். விழுந்தால் பிடிக்கவென்று ஒரு படி பின்னால் வந்தவள் அவளுக்கும் மூத்தவளான ராத்தா நஸ்ரியா. விழுந்தால் இருவரும் சேர்ந்துதான் விழுவார்கள் என்பது நஸ்ரியாவுக்கும் தெரியும்.

“இடுப்பெலும்பு போயிரும் புள்ள.”

“போகாம இரிக்கத்தானே ஏறுறன், ராத்தா.”

குறிஞ்சாக்கேணியில் பாதிப் பெண்களின் அபாயா நஜ்முன் நிஸா தைத்தது. காலமெல்லாம் உள்ளறையில் மெஷின் மிதித்தவளின் இரத்தத்தில் விற்றமின் டி அடிமட்டத்தில் கிடந்தது. எலும்பு மெலிந்துவிட்டது, ஒருதரம் விழுந்தால் படுக்கைதான், குளிசையோடு கை காலில் கொஞ்சம் வெயிலும் படட்டும் என்றார் டொக்டர்.

“உங்கட ஊரில வெயிலுக்குப் பஞ்சமா, உம்மா?”

“வெயில் ரோட்டில கிடக்கு. நான் முழங்கால் மட்டும் பாவாடையத் தூக்கிட்டு ரோட்டில நிக்கிறதா?”

டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாராம்.

மகன் ஸப்வான் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் மேல்மாடிக்குச் சுவர் மட்டும் எழும்பியிருந்தது. நாலு பக்கமும் மறைவு, மேலே வானம். கையைச் சுருட்டிவிட்டுக் காலை நீட்டி உட்காருவாள். பிறகு அயல் பெண்களும் கச்சான் கொட்டையோடு ஏறி வந்தார்கள். சுவரில் காகம் குந்தினால், “ஆம்பிளக் காகமா பாருங்கடி” என்று விரட்டுவாள். சிரிப்பு களப்பு வரைக்கும் கேட்கும்.

லீவில் வந்த ஸப்வான் கூரை போடச் சபைக்குக் கொடுக்கும் விண்ணப்பம் கொண்டுவந்தான். அது சீதன வீடு. உறுதிப் பத்திரம் அவள் பெயரில். அவள் விரல் படாமல் ஒரு தகரமும் ஏறாது.

“கைநாட்டு வைங்க உம்மா. மழையில சுவர் ஊறுது.”

“ஏலா. என்ட வெயிலயா மூடப் போறாய்? பாதிய மூடு, மகன். படிக்குக் கைப்பிடி வை. அப்பிடி எழுதிக்கிட்டு வா.”

அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் தையல் சோக்கை ராத்தாவிடம் நீட்டினாள்.

“என்ட பேரச் சுவரில எழுதிக் காட்டுங்க. விரல ஆரும் புடிச்சி வைக்கலாம். பேர நான்தானே எழுதணும்.”

மேல்மாடிச் சுவர் முழுக்க நஜ்முன் நிஸாக்கள் நிறைந்தன. சிலவற்றுக்குக் கால் இல்லை, சிலவற்றுக்குத் தலை இல்லை. நஸ்ரியா ஒன்றையும் அழிக்க விடவில்லை.

பாதிக் கூரையும் கைப்பிடியும் எழுதிய புதுத் தாளோடு, மைப்பெட்டியையும் கொண்டு வந்தான் ஸப்வான். அவள் பெட்டியை மூடி அவன் பக்கம் தள்ளினாள். பேனையை ஊசி போலப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை இழை இழையாக எழுதி முடித்தாள். பக்கத்தில் திகதியைப் போட்டவள் நஸ்ரியா: 14.08.2024.