“ஒண்ணும் பண்ணலையே”

செஞ்சியில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு அந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒரே ஒரு முறைதான் வந்தார். வல்லத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்த ஒல்லியான பெண். நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தடம்.

கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் மென்பொருள் காலையிலிருந்து வெறும் வெள்ளைத் திரையாக நின்றது. அன்றுதான் கடைசி நாள். தொண்டூரிலிருந்து மகளோடு வந்த விவசாயி ஒருவர் பெஞ்சில் காத்திருந்தார்.

எந்தக் கடைக்குப் போனாலும் மவுஸைத் தொடும் முன் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்பாராம். என்னிடமும் கேட்டார்.

“கடைசியா இன்னா பண்ணீங்கண்ணா?”

“ஒண்ணும் பண்ணலையே.”

கம்ப்யூட்டரோடு வந்த பிரவுசரை, வேண்டாத சனியன் என்று முந்தின நாள்தான் வேரோடு பிடுங்கியிருந்தேன். வாடிக்கையாளர் முன்னால் அதைச் சொல்ல வெட்கம்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. விவசாயியின் மகள் மார்க் ஷீட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை.

“கூடவே வந்த பிரவுசரை நான்தாம்மா எடுத்துட்டேன்.”

“தெரியும்ணா. உள்ள வந்ததுமே பார்த்துட்டேன், கீழ அதோட ஐகானைக் காணோம். அது இல்லாம இந்த மென்பொருள் ஓடாது.”

“அப்புறம் ஏம்மா சும்மா உக்காந்துனு இருந்தே?”

போனைத் திருப்பிக் காட்டினார். கம்ப்யூட்டரில் திரும்பப் போட, நான் பிடுங்கிய அதே பிரவுசர் அதில் முக்கால்வாசி இறங்கியிருந்தது.

நான் வாயே திறக்காவிட்டாலும் அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் போயிருக்கும். தெரிந்தே கேட்ட அந்தக் கேள்வி, கம்ப்யூட்டருக்காகக் கேட்டதல்ல, எனக்காகக் கேட்டது.