மாதா எங்கள் வீட்டில் தங்கிய மழைக்காலம்

மாதா எங்கள் வீட்டுக்கு வந்தது ஐப்பசியில். ஒரு வாரம் இருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டிருக்க வேண்டியவர், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும் காலம் வந்த பிறகும் புறப்படவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. ஊரில் அத்தனை வீடுகள் இருக்க எங்கள் வீடுதான் மாதாவுக்குப் பிடித்துப்போயிற்று என்று நம்பினேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொஞ்சம் அலட்டிக்கொள்ளவும் செய்தேன்.

மாதா என்று நான் சொல்வது ஒரு சுரூபம், மரியன்னையின் சிலை. முழங்கை உயரம் இருக்கும். முன்பக்கம் கண்ணாடி பதித்த மரப்பெட்டிக்குள் கைகூப்பி நிற்பார். பெட்டியின் உள்கூரையில் சின்னதாக ஒரு நீல பல்பு. கடலூர் முதுநகரில் எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களை இரண்டு மூன்று தெருக்களாகப் பிரித்து அன்பியங்கள் என்று வைத்திருந்தார்கள். ஓர் அன்பியத்தில் இருக்கிற வீடுகளுக்கு மாதா முறை வைத்துப் போவார். எந்த வீட்டில் மாதா இருக்கிறாரோ அந்த வீட்டில் அந்த வாரத்துக் கூட்டம். ஜெபமாலை சொல்லி, பைபிளில் ஒரு பகுதி வாசித்து, அவரவர் மனதில் பட்டதைப் பேசி, கடைசியில் டீயும் சுண்டலும். சாமியார் வரமாட்டார், சிஸ்டர்களும் வரமாட்டார்கள். எல்லாம் வீட்டுக்காரர்கள் பாடுதான்.

எங்கள் அன்பியத்துக்கு அம்மாதான் பொறுப்பாளர். தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் புருஷன் கோபித்துக்கொண்டு போயிருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் பொறுப்பெடுத்த புதிதில் சில வீட்டுக்காரர்கள் வேறு சில வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்களாம். கோயிலில் எல்லோரும் ஒரே ஜமக்காளத்தில்தான் உட்காருவார்கள். ஆனால் டீ தம்ளர் கைக்கு வரும்போது மட்டும் அவர்களுக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும். அம்மா யோசித்து ஒரு சட்டம் போட்டாள். மாதா எந்த வீட்டையும் தாண்டிப் போகக் கூடாது. கொடுக்கிற வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாங்குகிற வீட்டுக்காரர் கையிலேயே கொடுக்க வேண்டும். மாதா இருக்கிற வீட்டில் டீ குடிக்காமல் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. மாதாவின் முகத்துக்கு நேரே வயிறு சரியில்லை என்று பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கொஞ்ச நாளில் எல்லா வயிறுகளும் குணமாகிவிட்டன.

தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொள்வோம் என்று அம்மா நினைத்திருக்க மாட்டாள். எங்கள் வீட்டுக்கு அடுத்த முறை பெரியம்மா வீடு. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அந்த ஐப்பசியிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. பெரியப்பா பேங்கில் வேலை பார்த்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் அந்த வீட்டில் எல்லாப் பொருளும் வைத்த இடத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். பெரியம்மா தலையைப் பிரித்து எண்ணெய் வைத்து இறுக்கமில்லாமல் பின்னிவிடுவாள். மூன்று பெண்களுக்கு ஜடை போடுகிற அம்மாவின் கையில் அந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. திடீரென்று ஒருநாள் அம்மா, இனிமேல் அங்கே போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பெரியப்பாவுக்குச் சிதம்பரத்துக்கு மாற்றலாகியிருந்தது. அரையாண்டு லீவில் வீட்டைக் காலி செய்யப்போகிறார்கள் என்பதையும் நான் தெருவில்தான் கேள்விப்பட்டேன்.

"பெரியம்மா என்னமோ கேட்டாங்களாம். அம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்களாம்" என்று என் பெரிய அக்கா சின்ன அக்காவிடம் கிசுகிசுத்ததை ஒருநாள் கேட்டேன். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

என்ன கேட்டிருப்பாள்? வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தேன். கிரைண்டர் பெரியம்மாவிடமே இருக்கிறது. அம்மாவின் ஜிமிக்கி அடகுக்கடையில் இருக்கிறது. கடைசியில் தையல் மெஷின் என்று முடிவு கட்டினேன். அது தாத்தா வாங்கிக் கொடுத்தது. மூத்த மகளுக்கு ஆசை இருக்காதா?

அந்த மழைக்காலம் எனக்கு இன்றும் ஒரு நீல நிறமாகத்தான் நினைவிருக்கிறது. நான் மாதாவின் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வேன். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும். தெற்கேயிருந்து வரும் கெமிக்கல் கம்பெனி வாடையும் பெட்டிமேல் வாடிக்கிடக்கும் மல்லிகை வாசனையும் கலந்து அறை முழுக்க நிற்கும். நீல வெளிச்சத்தில் சுவர், பீரோ, காயப்போட்ட துணிகள் எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பவை மாதிரித் தெரியும். தூக்கம் வருகிற நேரத்தில் மாதாவின் சேலை மெல்ல அசையும். கூப்பிய கை கொஞ்சம் பிரிந்து திரும்பவும் சேர்ந்துகொள்ளும். எனக்குப் பயமாக இருந்ததே இல்லை. ஒருநாள் கண்ணாடிக்குள்ளிருந்து மாதா வெளியே வந்து என் தலையைப் பிரித்து நிதானமாகப் பின்னிவிட்டார். காலையில் எழுந்து ஜடையைத் தொட்டுப் பார்த்தேன். அது வழக்கம்போலக் கலைந்துதான் கிடந்தது. கரண்ட் போனால் பல்பு அணைந்துவிடும். அப்போது மாதா எங்கேயோ போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று இருட்டில் காத்துக்கொண்டிருப்பேன்.

பெரியவர்களுக்கு அந்த மழைக்காலம் அப்படி இருக்கவில்லை. மாதா நகராததால் கூட்டம் நடக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, மழை விடட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மழை நான்கைந்து முறை விட்டது. ஒருநாள் கோயில் உபதேசியார் குடையை மடக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அன்பியம் கூடி எவ்ளோ நாளாவுதும்மா? ஃபாதர் கேக்குறாரு. கிறிஸ்துமஸுக்குள்ள கூடலன்னா ஒங்க வீடுங்கள ரயில்வே லைனுக்கு அந்தாண்ட இருக்கிற அன்பியத்தோட சேத்துடலாம்ங்கிறாரு."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. லைனுக்கு அந்தப்பக்கத்து ஆட்களுக்கு இன்னும் வயிறு குணமாகவில்லை. அங்கே போய்ச் சேர்ந்தால், எங்கள் அன்பியத்தில் மீன் விற்கிற அக்காவும் மூட்டை தூக்குகிறவர் வீட்டாரும் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு மெதுவாக நின்றுவிடுவார்கள். அத்தனை வருஷம் வாசல் வாசலாக ஏறி இறங்கிச் சேர்த்த கூட்டம் கலைந்துவிடும்.

எதிர்வீட்டு நர்ஸ் ஆன்ட்டி ஒரு வழி சொன்னார். "அவுங்கதான் ஊர விட்டே போறாங்களே. அந்த வீட்ட தாண்டி எங்க வீட்டுக்கு எடுத்தாந்துடுங்க. யாரு கேக்கப் போறா?"

"இன்னிக்கி எங்கக்காள தாண்டுனா நாளைக்கி வேற யாரையோ தாண்டுவீங்க" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தைக்கிற துணியையே பார்க்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, பெரியம்மா கேட்டத குடுத்துடேன்."

மெஷின் நின்றது. அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன்.

"போயி படிடி" என்றாள்.

பெரியம்மா புறப்படுவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா பண்ருட்டியிலிருந்து லாரியோடு வந்திருந்தார். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி அவர். சாமான் ஏற்றத்தான் வந்தார். வந்த இடத்தில் சும்மா இருந்தால் அவர் மாமா இல்லை. அம்மா முதல் பூசைக்குப் போய் வந்துவிட்டாள். மாமா இரண்டாம் பூசைக்குப் போனார். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்றுகொண்டு எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவரிடமும், "சாயங்காலம் மாதாவ பெரியக்கா வீட்டுக்கு எடுத்துனு போறோம். சின்னக்கா சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லியிருக்கிறார். சின்னக்காவான அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

சாயங்காலம் எங்கள் வாசல் முழுக்க மெழுகுவர்த்தி. நர்ஸ் ஆன்ட்டி பாட்டையே ஆரம்பித்துவிட்டார். அம்மா கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா, எல்லாரும் வந்துட்டாங்க. நீ இன்னும் சேலகூட மாத்தல" என்றார் மாமா, பால் குடிக்கிற பிள்ளையின் முகத்தோடு.

அம்மா அவரைக் கண்ணாலேயே எரித்தாள். ஆனால் அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியாது. அன்பியம் என்பதே அவள் கற்றுக்கொடுத்ததுதானே. சேலை மாற்றிக்கொண்டு வந்து பெட்டியைத் தூக்கினாள். தெருவில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் மெழுகுவர்த்திகள் தலைகீழாகக் கூடவே வந்தன. மாதா போகிறாரே என்று எனக்கு அழுகை முட்டியது.

பெரியம்மா வாசலைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருந்தாள். வழக்கமாகக் கொடுக்கிறவர், மாதா வந்திருக்காங்க என்பார். வாங்குகிறவர், வாங்கம்மா என்பார். அம்மா ஒன்றும் சொல்லாமல் பெட்டியை நீட்டினாள். அவள் கண் மாதாவைவிட்டு அசையவில்லை. பெரியம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்த வார்த்தைகளைக் கூட்டத்திலிருந்த பெண்கள்தான் சொன்னார்கள்.

வீடு வெறுமையாக இருந்தது. சாமான்களை மூட்டை கட்டிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். ஒரு டிரங்குப்பெட்டிமேல் மாதாவை வைத்தார்கள். ஜெபமாலை ஆரம்பித்தது. பாதியை ஒருவர் முன்சொல்ல, மீதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். அம்மா முன்சொன்னபோது பெரியம்மா மீதியைச் சொன்னாள். பெரியம்மாவின் முறை வந்தபோது அம்மா மீதியைச் சொன்னாள். இரண்டு பேரின் குரலும் ஒரே மாதிரி இருப்பதை அன்றுதான் கவனித்தேன். எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருந்தது.

பிறகு மன்றாட்டு. யார் வேண்டுமானாலும் ஒரு வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லலாம். முடித்ததும் எல்லோரும் சேர்ந்து, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்பார்கள். நர்ஸ் ஆன்ட்டி நோயாளிகளுக்காக வேண்டினார். மீன் விற்கிற அக்கா கடலுக்குப் போனவர்களுக்காக வேண்டினார். மாதா நீல வெளிச்சத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இத்தனை நாள் தங்கியதற்காவது நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எழுந்து நின்றேன்.

"பெரியம்மா கேட்டதை அம்மா நல்ல மனசோடு கொடுத்துவிட வேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

மெஷின் என்று சொல்லவில்லை. ஆண்டவருக்குத் தெரியாதா என்ன?

பழக்கதோஷத்தில் எல்லோரும், ஆண்டவரே எங்கள் என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்த இடத்திலேயே ஒவ்வொரு குரலாக நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்திருந்த மாமாகூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியம்மா முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை. மாதாவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். புத்தகத்தில் இருக்கிற மாதிரிப் பேசவில்லை.

"ஆண்டவரே, கேக்கக் கூடாதத நான் எந்தங்கச்சிகிட்ட கேட்டுட்டேன். ஆசையில கேட்டுட்டேன். அது அவ மனசுலேர்ந்து போவணும். அவ எங்கிட்ட பேசணும்."

வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது அம்மா மட்டும் தனியாக, உடைந்த குரலில், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றாள். பெரியம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டெல்லாம் அழவில்லை, இருந்த இடத்தில் இருந்தபடியே அழுதார்கள். தம்ளர்களெல்லாம் மூட்டைக்குள் போய்விட்டதால் கிடைத்ததில் மாற்றி மாற்றி டீ குடித்தோம். பெரியம்மா குடித்த தம்ளரைக் கழுவக்கூட விடாமல் அம்மா வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் மாதாவை நர்ஸ் ஆன்ட்டி கையில் கொடுத்துவிட்டுத்தான் பெரியம்மா லாரியில் ஏறினாள். எங்கள் அன்பியம் லைனைத் தாண்டவில்லை, இன்றைக்கும் அதே தெருக்களில் கூடுகிறது. சிதம்பரத்தில் பெரியம்மா குடியேறிய பக்கம் அன்பியமே இருக்கவில்லையாம். அம்மா மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய், அக்காவோடு வீடு வீடாக நடந்து ஒன்றை ஆரம்பித்து வைத்தாள். டீ சட்டம் அங்கேயும் உண்டு.

பெரியம்மா கேட்டது தையல் மெஷின் இல்லை என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. பெரிய அக்கா தனக்கு ஒரு பெண் பிறந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். உனக்குத்தான் மூன்று இருக்கிறதே, சின்னவளை எனக்குக் கொடு, சிதம்பரத்துக்கு என்னோடு வரட்டும், என் பிள்ளையாக வளரட்டும் என்று பெரியம்மா கேட்டிருக்கிறாள். கேட்டது என்னை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்தபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அத்தனை இறுக்கமாக அவள் பிடித்ததே இல்லை. "வலிக்குதும்மா" என்றேன். பிடி தளரவில்லை. மெஷினைப் பற்றி எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டேன் என்று கோபம்போல என நினைத்தேன். சமாதானப்படுத்தலாம் என்று, "போனா போவுதும்மா, நாம வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றேன்.

அம்மா தேங்கிய தண்ணீரில் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். குனிந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணை யாரும் இடுப்பில் தூக்கமாட்டார்கள். என் கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இறக்கிவிடச் சொல்லி வீடு வரைக்கும் அவளைக் கெஞ்சிக்கொண்டே வந்தேன்.