கடைசிச் சுற்றுக்கு முன் ஒதுங்கும் கோச்

பிளெய்ன்ஸ்பரோவில் என் மகளுக்கு ஓட்டம் சொல்லித்தரும் கோச், ஸ்பெயினுக்காக 1500 மீட்டர் ஓடியவராம். எனக்கென்னவோ சந்தேகம். இன்று அவருடைய பழைய ரேஸ் வீடியோ யூடியூபில் சிக்கியது.

முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தவர், கடைசிச் சுற்றுக்கு முன் ஒதுங்கி நின்றுவிடுகிறார்!

மனைவியிடம் காட்டினேன்.

"டவுட்டா இருந்தா அவர்கிட்டயே கேளுங்க. என்னை டார்ச்சர் பண்ணாதீங்க."

சாயங்காலம் கேட்டேவிட்டேன். சிரித்தார். முன்னால் ஓடி மற்றவர்களை வேகமாக ஓடவைத்துவிட்டு விலகுவதுதான் அந்த ரேஸில் அவர் வேலையாம்.

பிறகு மகளுக்கு முன்னால் ஓடினார். கடைசிச் சுற்றுக்கு முன் ஒதுங்கினார். அவள் இதுவரை ஓடாத வேகத்தில் ஓடி முடித்தாள்.

சரி, நம்பிவிட்டேன்.

ஆனால் எங்களை விரட்டி வேலை வாங்கிவிட்டு, ஒவ்வொரு சாஃப்ட்வேர் ரிலீசுக்கும் முந்தின நாள் லீவு போடும் என் மேனேஜரும் ஸ்பெயினுக்காக ஓடியவரோ?

உங்கள் மேனேஜர் எந்த நாட்டுக்காக ஓடினார்?